செய்தியில் கலந்த சொல்

அரபுக் கல்லூரிகளில் ‘பலாகத்’ எனும் சொல்வன்மைக் கலையைப் பயிலப் புகும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே போதிக்கப்படும் பாகுபாடு ஒன்றுண்டு. மெய்யென்றோ பொய்யென்றோ சொல்லத்தக்க வாக்கியம் ‘கபர்’. ஏவல், வினா, வேண்டுதல், வியப்பு ஆகியவை போல மெய், பொய் என்னும் தராசில் ஏறாத வாக்கியம் ‘இன்ஷா’. ‘ஸைது வந்தான்’ என்பது கபர். ‘ஸைதே, வா’ என்பது இன்ஷா. அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களின் ‘முக்தஸருல் மஆனீ’யை ஓதியவர்கள் இப்பாகுபாட்டுக்காகச் செலவிட்ட நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ‘ஸைது நல்லவன்’ என்றொருவர் சொன்னால் அதை எங்கே வைப்பது? இலக்கணப்படி அது கபர்தான். ‘ஸைது வந்தான்’ என்பதற்கு உள்ள அதே உருவம் இதற்கும் இருக்கிறது. எனினும் முன்னதைக் கண்ணால் கண்டு சொல்லலாம், பின்னதை மனத்தால் எடைபோட்டே சொல்ல இயலும். முன்னது செய்தி, பின்னது கருத்து. கருத்தானது செய்தியின் உடையை உடுத்திக்கொண்டு வருவதை இலக்கணம் தடுப்பதில்லை. நாள்தோறும் காலையில் பத்திரிகையைப் பிரிக்கிற நம்மைச் சூழ்கிற தொல்லை முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இலக்கணம் கைவிட்ட இவ்விடத்தில் ஹதீஸ் கலை நமக்கு உதவுகிறது. அதில் ‘முத்ரஜ்’ என்றொரு வகை உண்டு. அறிவிப்பாளர் தம்முடைய சொல்லைத் தாம் அறிவிக்கும் சொல்லோடு பிரித்தறியாவண்ணம் சேர்த்துவிடுவது ‘இத்ராஜ்’. அவ்வாறு சேர்ந்த செய்தி ‘முத்ரஜ்’. இது பொய்யான செய்தி அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சேர்ந்த சொல் நல்ல சொல்லாகவே இருக்கலாம், அறிவித்தவரும் நம்பத்தகுந்தவராகவே இருக்கலாம். ஆயினும் அது அவருடைய சொல், மூலவரின் சொல் அன்று. இதற்கு எல்லா மத்ரஸாக்களிலும் காட்டப்படும் சான்று ஒளூவைப் பற்றிய ஹதீஸ். ஒளூவை நிறைவாகச் செய்யுங்கள் என்று அறிவுறுத்தியவர் ஹஸ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள். கழுவப்படாத குதிகால்களுக்குரிய எச்சரிக்கை மட்டுமே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடையது. இமாம் ஷுஅபா (ரஹ்) அவர்களிடமிருந்து இதைக் கேட்டவர்களில் இருவர் இரண்டையும் இணைத்து ஒரே கூற்றாக அறிவித்துவிட்டனர். மற்ற மாணவர்கள் பிரித்தே அறிவித்தனர். புகாரியில் இருப்பது பிரித்துச் சொல்லப்பட்ட அறிவிப்பு.

இதில் யாருக்கு என்ன கேடு விளைந்தது? இரண்டும் ஒரே நற்செயலைத்தானே ஏவுகின்றன? அப்படியிருந்தும் நம் முன்னோர் இதனை விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 463இல், அதாவது கி.பி. 1071இல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இத்தகைய கலப்புகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனி நூல் ஒன்று யாத்தார்கள். யார் சொன்னது என்பது தெரிந்தால்தான், அச்சொல்லுக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்பது தெரியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விளக்கம் சொல்வதையே அவர்கள் தடுத்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. முதல் வஹீ வந்த வரலாற்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் ‘தஹன்னுஸ்’ என்றோர் அருஞ்சொல் வருகிறது. அது வணக்கத்தில் ஈடுபடுதல் என்று இடையில் பொருள் சொல்லிச் செல்பவர் இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்கள் என்பர். கேட்பவருக்கு விளங்கட்டும் என்று சேர்த்த இத்தகைய விளக்கத்தை அறிஞர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. தம் கருத்தை மூலவரின் தலையில் ஏற்றும் எண்ணத்தோடு அறிந்தே கலப்பதைத்தான் ஹராம் என்றனர். நம்மில் பெரும்பாலோர் ஹனஃபிகள். கருத்து எனப் பொருள்படும் ‘ரஃயு’ என்ற சொல்லைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. நம் இமாமையே ‘அஹ்லுர் ரஃயு’ என்றுதானே சிலர் குறை கூறினர்! கருத்து இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். அது கருத்தெனத் தெரியும்படி இருக்கிறதா என்பதே வினா.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் கொங்கு நாட்டில் நடந்த பத்திரிகை வழக்கு ஒன்றைப் பார்ப்போம். பவானிக்கு ஈரோடு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அந்த ஈரோட்டில் 1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ‘குடி அரசு’ என்னும் வார இதழ் தோன்றியது. தோற்றுவித்தவர் ஈ. வெ. ராமசாமிப் பெரியார். உடனிருந்து ஆசிரியப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர் வா. மு. தங்கப்பெருமாள் பிள்ளை. தொடக்க விழாவை நடத்தி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள் என்பது பிற்கால வாசகருக்கு வியப்பளிக்கும். சைவ மடத்துத் தலைவர் ஒருவர் வாழ்த்தித் தொடங்கிய ஏடு, சில ஆண்டுகளுக்குள் எந்த மடத்தையும் விட்டுவைக்காத ஏடாயிற்று. நம் மார்க்கமும் அதன் விமரிசனத்துக்கு விலக்காக இருக்கவில்லை. எனினும் அவ்வேட்டின் பல கருத்துகளை நாம் ஏற்பதில்லை என்பதற்காக, அதன் வரலாறு தரும் படிப்பினையையும் தள்ளிவிட வேண்டியதில்லை.

அவ்விதழ் தோன்றிய காலத்துச் சூழ்நிலையைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி என்னும் ஊரில் வ. வே. சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்திவந்தார். தேசியக் கல்விக்கென்று பல சாதியாரும் பொருளுதவி செய்த நிறுவனம் அது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் கொடுத்தும் இருந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவளிக்கப்படுகிறது என்ற செய்தி வெளிவந்ததும் தமிழகம் முழுவதும் கொந்தளித்தது. பெரியாரும், சேலத்து டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும் எதிர்ப்பை முன்னின்று நடத்தினர். நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழ் அதற்குக் களமாக இருந்தது. 1925 ஏப்ரலில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார்.

இந்தப் பூசலில் ஓர் உண்மை பலருடைய கண்ணுக்குப் படுவதில்லை. இரு சிறுவர் தனியே உண்டனர் என்ற செய்தியை எவரும் மறுக்கவில்லை, ஐயரும் மறுக்கவில்லை. பெற்றோர் விருப்பத்துக்கு இணங்கிச் செய்த சிறு விலக்கு அது என்றனர் ஒரு சாரார். பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பிறப்பின் பேரால் இழைக்கப்பட்ட அவமதிப்பு என்றனர் மறு சாரார். கபர் ஒன்று, ரஃயு இரண்டு. ஆனால் ஒரு சாராரின் கருத்தை ஏந்திச் செல்லவே பத்திரிகைகள் மிகுதியாக இருந்தன, நம் கருத்துக்கு இடமில்லை என்பதே பெரியாரின் மனக்குறை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத் தோன்றிய ஏடாதலால் ‘குடி அரசு’ தன்னை நடுநிலைச் செய்தித்தாள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தலையங்கமும் சொற்பொழிவும் விவாதமுமே அதன் உடல். படிப்பவர் ‘இது இன்னாருடைய கருத்து’ என்று அறிந்தே படித்தனர். என் மதிப்பீட்டில், செய்தித்தாள் என்ற பெயரில் கட்சிக் கருத்தைக் கலந்து விற்ற ஏடுகளைவிட இது நேர்மையான வழி. இந்த ஏட்டோடு வழக்காடலாம். கலப்பு ஏட்டோடு வழக்காடவே முடியாது, ஏனெனில் தான் வாதாடுவதையே அது ஒப்புக்கொள்வதில்லை.

1932ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு வந்த பெரியார், சமதர்மக் கொள்கையை முழுமூச்சுடன் பரப்பலானார். 1933 அக்டோபர் 29ஆம் நாளிட்ட ‘குடி அரசு’ இதழில், ‘இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற தலைப்பில் ஒரு தலையங்கம் வந்தது. ஏழைகளுக்கும் பாட்டாளிகளுக்கும் உதவாத ஆட்சிமுறை இது என்பது அதன் சாரம். அரசாங்கம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ் ராஜத்துரோக வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் பெரியார் கைது செய்யப்பட்டார். இதழின் வெளியீட்டாளர் என்ற முறையில் அவருடைய தங்கை எஸ். ஆர். கண்ணம்மாளும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். அந்நாளில் ஈரோடும் பவானியும் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. தனி மாவட்டம் 1979இல்தான் அமைந்தது. எனவே விசாரணை கோவையில் நடந்தது. 1934 ஜனவரியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. 

அந்தத் தலைப்பை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அது ஒரு வினா. பலாகத் படித்த மாணவன் அதை இன்ஷாவில் சேர்ப்பான். மெய்யா பொய்யா என்று ஆராய அதில் ஒன்றுமில்லை. ஆட்சி மாற வேண்டும் என்பது ஒரு விழைவு. பொய்ச் செய்தி பரப்பினார் என்று யாரும் அவர்மீது குற்றம் சாட்டவில்லை, சாட்டவும் இயலாது. தண்டிக்கப்பட்டது தூய கருத்து.

1860ஆம் ஆண்டின் அதே தண்டனைச் சட்டம் செய்திக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாததன்று. அவதூறு பற்றிய 499ஆம் பிரிவைப் பாருங்கள். பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறாகாது என்பது அதன் முதல் விதிவிலக்கு. பொது ஊழியர் ஒருவரின் பொது நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட கருத்து அவதூறாகாது என்பது இரண்டாம் விதிவிலக்கு. செய்திக்கு ‘உண்மையா’ என்ற அளவுகோல், கருத்துக்கு ‘நல்லெண்ணமா’ என்ற அளவுகோல். எவ்வளவு நுட்பமான பாகுபாடு! ஆனால் 1870இல் சேர்க்கப்பட்ட 124அ பிரிவில் அரசாங்கத்தைப் பற்றிய பேச்சு என்று வந்ததும் இந்நுட்பம் மறைந்துவிட்டது. சொன்னது உண்மை என்று மெய்ப்பித்தாலும் அங்கே தப்ப முடியாது. 1897இல் திலகர் வழக்கில், அரசின்பால் அன்பில்லாமையே துரோகம் என்று பொருள்படும்படி பம்பாய் நீதிபதி ஸ்ட்ரேச்சி விளக்கம் தந்தார். பிறகு, அரசின் நடவடிக்கையை வெறுப்பூட்டாமல் கண்டிக்கலாம் என்ற விளக்கமும் சட்டத்தில் வைக்கப்பட்டது. கண்டனம் எங்கே முடிகிறது, வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்கும் அதிகாரம் ஆட்சியாளரிடமே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின்னரும் இப்பிரிவு நீடித்தது. 1962இல் உச்ச நீதிமன்றம், வன்முறைக்கும் அமைதிக் குலைவுக்கும் தூண்டும் பேச்சோடு அதனை நிறுத்தியது. 2022 மே மாதத்தில் அதன் செயற்பாட்டையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றின் பேரால் 152ஆம் பிரிவு இருக்கிறது.

கண்ணம்மாளிடம் வருவோம். தலையங்கம் அண்ணனுடையது. தங்கையின் பெயர் இதழில் வெளியிடுபவர் என்று அச்சிடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூற்பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைத் தாங்கி வர வேண்டியிருந்தது. ஆசிரியர் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது 1922இல் சேர்ந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் அந்த வரியை நாம் யாரும் படிப்பதில்லை. உண்மையில் அதுதான் பத்திரிகையின் ஸனது, அறிவிப்பாளர் வரிசை. அரசாங்கம் அதைக் கேட்டது பிடித்து அடைப்பதற்காக. வாசகனோ இன்னொரு காரணத்துக்காக அதைக் கேட்க வேண்டியவன். குஃப்ரான சொல்லை எடுத்துச் சொல்பவன் காஃபிராகிவிட மாட்டான் என்று மத்ரஸாக்களில் ஒரு விதி சொல்வார்கள். கடத்துபவன் வேறு, கருத்தாளன் வேறு என்பது அதன் கருத்து. கோவை நீதிமன்றத்தில் அந்த விதிக்கு இடமிருக்கவில்லை.

ஈரோட்டில் இவ்வழக்கு நடப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே நம் சமுதாயத்தின் பத்திரிகைகள் இதே நெருப்பைத் தீண்டியிருந்தன. 1914 செப்டம்பரில், துருக்கி உலகப் போரில் எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி எழுந்தபோது, லண்டன் ‘டைம்ஸ்’ துருக்கியரின் தேர்வைப் பற்றி ஒரு தலையங்கம் தீட்டியது. டில்லியிலிருந்து ‘காம்ரேட்’ என்ற ஆங்கில வார இதழை நடத்திய மௌலானா முஹம்மது அலீ, அதே தலைப்பில் மறுப்பு எழுதினார். துருக்கியர் ஆங்கிலேயர்மீது கொண்டிருந்த மனக்குறைகளை அடுக்கிக் காட்டினாலும், போரில் இறங்க வேண்டாம் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. நவம்பரில் இதழின் ஜாமீன் தொகை பறிமுதல் ஆயிற்று. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் அதற்கு இடம் தந்தது. அதே மாதத்தில் கல்கத்தாவில் மௌலானா அபுல் கலாம் ஆஸாதின் ‘அல்ஹிலால்’ கட்டியிருந்த 2,000 ரூபாயும் பறிமுதலாகி, மேலும் 10,000 ரூபாய் கேட்கப்பட்டு, அது நின்றுபோயிற்று. லண்டன் கருத்துக்குப் பதிலாக டில்லிக் கருத்து. முன்னதற்கு வாழ்வு, பின்னதற்குப் பறிமுதல்.

இதைவிட ஆழமாக எண்ணிப் பார்க்க வேண்டியது அக்காலத்துச் செய்தியின் நிலை. 1912, 1913ஆம் ஆண்டுகளில் பால்கன் போர் நடந்தபோது, துருக்கியின் தோல்விகளைப் பற்றி இந்தியப் பத்திரிகைகள் அச்சிட்ட தந்திச் செய்திகள் பெரும்பாலும் லண்டன் ராய்ட்டர் நிறுவனம் அனுப்பியவை. சென்னையில் ஒரு தாள், பம்பாயில் ஒரு தாள், லாகூரில் ஒரு தாள் என்று பத்துத் தாள்களில் ஒரே செய்தி வரும். படிப்பவர், பத்துப் பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணுவார். ஹதீஸ் கலை கற்றவன் இங்கே ஏமாறக் கூடாது. பொய்யில் ஒன்றுகூடுவது வழக்கத்தில் சாத்தியமில்லாத அளவுக்கு ஒவ்வொரு படியிலும் பலர் அறிவித்தால்தான் அது ‘முதவாதிர்’. பத்து வாய்களும் ஒரே வாயில் போய் முடிந்தால் அது ‘கரீப்’, தனியொருவர் அறிவிப்பு. இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் ‘நுஸ்ஹா’வை ஓதிய எந்த மாணவனும் இதைச் சொல்வான். ஆனால் கையில் பத்திரிகையை எடுத்ததும் அந்தப் பாடம் அவனுக்கே மறந்துபோகிறது! இன்று கைபேசியில் நூறு பேர் அனுப்பும் ஒரே செய்தியைப் பார்த்து நூறு சாட்சிகள் என்று நம்புபவரும் இதே பிழையைத்தான் செய்கிறார். ராய்ட்டர் தந்திக்காவது அனுப்பியவர் பெயர் இருந்தது.

செய்தியே கருத்தாக மாறும் விந்தையும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் தமிழகத்தில் நடந்த ஒன்றை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1976 ஜனவரி 31ஆம் நாள் கலைஞர் மு. கருணாநிதியின் அமைச்சரவை கலைக்கப்பட்டது. கட்சியினர் பலர் சிறைப்பட்டனர். யார் யார் கைதானார்கள் என்று வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்றைய ‘முரசொலி’யில், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஊர்வாரியாகப் பெயர்ப்பட்டியல் வந்தது. ஒரு பெயரடை இல்லை, ஒரு கண்டனம் இல்லை. வெறும் பெயர்கள். தணிக்கையாளர் கருத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. தமிழகம் முழுவதும் அந்தப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொண்டது. கருத்தை அடக்கினால் அது செய்திக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 

இதற்கு நேர்மாறான வழக்கு 2003ஆம் ஆண்டில் நடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா ஆற்றிய உரைகளை ‘தி ஹிந்து’ நாளேடு மூன்று நாட்களின் செய்திகளில் வெளியிட்டது. அச்செய்திகளில் ‘சொன்னார்’ என்று எழுதத்தக்க இடங்களில் ‘சீறினார்’ என்பது போன்ற வினைச்சொற்கள் ஆளப்பட்டிருந்தன. சபையில் இது உரிமைப் பிரச்சினை ஆயிற்று. ஏப்ரல் 25ஆம் நாள் அவ்வேடு சகிப்பின்மை வளர்வதைக் கண்டித்துத் தலையங்கம் தீட்டியது. அதையும் உரிமைக் குழு எடுத்துக்கொண்டது. தலையங்கத்தின் தமிழாக்கத்தை வெளியிட்ட ‘முரசொலி’ ஆசிரியரும் சேர்க்கப்பட்டார். நவம்பர் 7ஆம் நாள் ‘தி ஹிந்து’வைச் சேர்ந்த ஐவருக்கும், ‘முரசொலி’ ஆசிரியருக்கும் தலா 15 நாள் வெறுங்காவல் விதித்துச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்று நாட்களில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

நம் அளவுகோலுக்கு இது ஒரு பொற்சுரங்கம். தலையங்கம் எழுதியது கருத்து. அது தலையங்கப் பக்கத்தில், கருத்தென்று தெரியும்படியே வந்தது. அதை மொழிபெயர்த்தது வெறும் கடத்தல். நிருபர்களின் செய்தி மட்டுமே நாம் ஆராய வேண்டிய இடம். ‘சீறினார்’ என்பது செய்தியா, கருத்தா? பேசியவரின் குரல் உயர்ந்ததும் முகம் சிவந்ததும் கண்ணால் காணத்தக்கவை. ஒருவர் கோபமாகப் பேசியிருக்க, ‘கூறினார்’ என்று மட்டும் எழுதுவதும் நடந்ததை மறைப்பதாகும். ஸுஹ்ரீ அவர்களின் விளக்கத்தைப் போலக் கேட்பவருக்கு விளங்கும்பொருட்டு ராவி சேர்த்த சொல் இது என்று ஒருவர் வாதிடலாம். இல்லை, கேட்பவரின் வெறுப்பைத் தூண்டச் சேர்த்த சொல் என்று இன்னொருவர் வாதிடலாம். என் வரையில், அந்த வினைச்சொல்லுக்கு நிருபர் சபையிலேயே சான்று காட்ட முடிந்தால் அது செய்தியின் எல்லைக்குள் இருக்கிறது என்பேன். ஆனால் இந்த ஆராய்ச்சி எதையும் சபை செய்யவில்லை. செய்தி எழுதியவருக்கு 15 நாள், தலையங்கத்துக்குப் பொறுப்பானவருக்கு 15 நாள், மொழிபெயர்த்து வெளியிட்டவருக்கு 15 நாள். 1934இல் கோவையில் மறந்ததையே 2003இல் சென்னையிலும் மறந்தார்கள்.

இதுவரை சொன்னவை ஆள்வோருக்கும் பத்திரிகைக்கும் இடையே நடந்தவை. பத்திரிகைக்கும் நம் வீட்டுக்கும் இடையே நடந்ததையும் சொல்லாவிட்டால் கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இக்கட்டுரையை எழுதுவதில் பொருளில்லை.

1997 நவம்பர் 29ஆம் நாள் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலையுண்டார். அடுத்த நாட்களில் மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நகரில் தொடர்ந்து குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். கொலை கொலைதான், அதற்கு மார்க்கத்தில் எந்தச் சாக்கும் இல்லை. அந்த மாதங்களில் இந்தப் பகுதியில் வாழ்ந்த நம் குடும்பங்கள் காலைப் பத்திரிகையை எப்படி எடுத்துப் பிரித்தன என்பதை அனுபவித்தவர்களே அறிவர். செய்தியின் முதல் வரியில் என்ன நடந்தது என்பது இருக்கும். இரண்டாம் வரியில் ஒரு பெயர்ச்சொல் இருக்கும். ‘கைது செய்யப்பட்டவர்’ என்பது செய்தி. ‘தீவிரவாதி’ என்பது தீர்ப்பு. விசாரணை தொடங்கும் முன்பே இரண்டும் ஒரே வாக்கியத்தில் நின்றால், கபரின் உடலுக்குள் ரஃயு ஏறி உட்கார்ந்துவிட்டது என்று பொருள். காவல் துறையின் அறிக்கையை ‘காவல் துறை கூறுகிறது’ என்ற இரு சொற்களை நீக்கிவிட்டு அச்சிடுவதும் அப்படித்தான். ஸனது விழுந்துவிட்டது, மத்னு மட்டும் நிற்கிறது. நீக்கிய சொற்கள் இரண்டே இரண்டு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேலை தேடிப்போன, வாடகைக்கு வீடு தேடிப்போன, அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத இளைஞர்கள்.

குண்டுவெடிப்பு வழக்கில் 1998 மார்ச் மாத இறுதியில் கைதானவர் கேரளத்தின் மக்கள் ஜனநாயகக் கட்சித் தலைவர் அப்துல் நாஸர் மஅதனீ. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அவரைக் கோவைத் தனி நீதிமன்றம் 2007 ஆகஸ்ட் 1ஆம் நாள் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவ்வொன்பது ஆண்டுகளில் அவர் பெயரோடு ஒட்டப்பட்ட அடைமொழிகளை ஒட்டியவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் வழி செய்யவில்லை. 2010இல் பெங்களூரு வழக்கொன்றில் அவர் மீண்டும் கைதானது தனிச் செய்தி. முந்திய தீர்ப்பைக் குலைப்பதற்காக அதை இதனோடு சேர்த்துச் சொல்வதும், அதைச் சொல்லாமலே மறைப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

ஏனெனில் கலப்பு ஒரு பக்கத்தில் மட்டும் நடக்கவில்லை. மஅதனீயின் விடுதலைச் செய்தி வந்தபோது, ‘வழக்கே பொய், எவருமே குற்றவாளியல்லர்’ என்று நம்மில் சிலர் பேசினர். அதுவும் செய்தியாகவே பரவியது, பள்ளிவாசல் வாயில்களிலும் கடைத்தெருவிலும். அதே வழக்கில், அதே நீதிமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகியிருந்தது. அத்தீர்ப்பு சரியா, தண்டனை மிகுதியா என்பதைப் பற்றி நமக்குக் கருத்து இருக்கலாம். தீர்ப்பு வந்ததென்பது செய்தி. ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் துருவி விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் ஏவுகிறது. அந்த ஏவலில், செய்தி நமக்கு இனிப்பாக இருந்தால் விசாரிக்க வேண்டாம் என்ற விதிவிலக்கு இல்லை.